கிரின்ஸ்டெட் சாப்பாட்டறைக்கு நெருப்பு வைத்த கதை

கோயம்புத்தூரில் நான் இதுவரை மூன்று வீடுகளுக்கு நெருப்பிடம் செய்து கொடுத்திருக்கிறேன். மூன்றிலும் நெருப்பு கிடையாது. ஆரஞ்சு நிற எல்.இ.டி. விளக்கு, அதன் மேல் நெளியும் பட்டுத்துணி, கீழே ஒரு சின்ன மின்விசிறி, அவ்வளவுதான். வீட்டுக்காரர்கள் ஏ.சி.யைக் கூட்டி வைத்துவிட்டு, கம்பளி போர்த்திக்கொண்டு, அதன் முன்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படங்களை நானும் ஃபேஸ்புக்கில் போடுவேன். வீட்டு உள் அலங்காரத் தொழில் அப்படி.

அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் சுகந்தி டென்மார்க்கிலிருந்து கூப்பிட்டாள். அவள் திருச்சி கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. யாழ்ப்பாணத்துப் பெண். சண்டைக் காலத்தில் படிக்க வந்தவள், கல்யாணமாகி கிரின்ஸ்டெட் என்கிற சிற்றூருக்குப் போனாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை.

"எடி கல்பு, நீ நெருப்படுப்பெல்லாம் வடிவாச் செய்யிறாய். எங்கட சாப்பாட்டறையில விறகடுப்பு ஒண்டு வைக்கவேணும். அதைச் சுத்திக் கொங்கிறீற்று. வந்து கீறித் தாவன்."

கொங்கிறீற்று என்றால் கான்கிரீட், கீறுவது என்றால் வரைவது என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. பிறகு உண்மையைச் சொன்னேன்.

"சுகந்தி, அது பல்புடி."

"எது?"

"நெருப்பு. படத்துல இருக்கிறது எல்லாம் பல்பு."

"பறவாயில்லை," என்றாள். "நெருப்பை நாங்கள் பாக்கிறம். நீ வடிவைப் பார்."

அப்படித்தான் ஒரு நவம்பர் மாதம், இரண்டு ஸ்வெட்டர்களுக்குள் ஒரு பொம்மை மாதிரி அடைபட்டு, கிரின்ஸ்டெட்டில் போய் இறங்கினேன். பிற்பகல் தேநீர் குடிக்கிற நேரத்துக்கு ஊர் இருட்டிக் கிடந்தது. மழையும் இல்லை, பனியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் சுகந்தி என் கோட்டைக் கழற்றச் சொன்னாள். கழற்றியதை ஒரு பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து, வாசல் பக்கத்து அலமாரியில் மாட்டி, கதவைச் சாத்தி, சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று தள்ளியும் பார்த்தாள். டேனிஷ்காரர்களின் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரவுச் சாப்பாடு புட்டும் மீன் குழம்பும். எனக்குச் சமையலறை மேடையிலேயே தட்டு வைத்தாள். அவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். அவள் கணவர் நேசராசா, நான் நேசன் அண்ணா என்று கூப்பிடுகிறவர், நல்ல உயரம், இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர், தன் தட்டை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் போய்விட்டார். குழம்பு எடுக்கத் திரும்பி வந்தவர் என்னைப் பார்த்து, "தங்கச்சி, காணுமோ?" என்றார்.

நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். "என்னண்ணா காணோம்?"

"புட்டு."

"புட்டு இங்கதானே இருக்கு!"

சுகந்திக்குச் சிரிப்பில் புரையேறியது. காணும் என்றால் போதும் என்று அர்த்தமாம். அந்த மூன்று வாரமும் நேசன் அண்ணா என்னை எங்கே பார்த்தாலும், "தங்கச்சி, எல்லாம் இருக்கு, ஒண்டும் துலையேல்லை," என்று அறிவித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை சாப்பாட்டறையை அளந்தேன். நல்ல அறை. ஒரு மூலையில் பழைய செங்கல் புகைபோக்கி, தோட்டத்தைப் பார்த்த கண்ணாடிக் கதவு, நடுவில் எட்டுப் பேர் உட்காரக்கூடிய மரமேசை. மேசை மேல் தையல் மெஷின், விளம்பரத் தாள்கள், மடிக்காத துணிகள், ஒரு மூட்டை பச்சரிசி, போன வருடக் கிறிஸ்துமஸ் விளக்குச் சரம். சாப்பாட்டறையில் சாப்பாடு சம்பந்தப்பட்ட பொருள் அந்த அரிசி ஒன்றுதான்.

புகைபோக்கி வடமேற்கு மூலையில் இருந்தது. கோவையில் இதற்கே ஒரு ஜோசியரைக் கூப்பிட்டிருப்பார்கள். தென்கிழக்குதான் அக்கினி மூலை என்று சொல்லிப் பாதி வீட்டை இடிக்கச் சொல்லியிருப்பார் அவர். நேசன் அண்ணாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"டென்மார்க்கில சிம்னி எங்க இருக்கோ, அதுதான் அக்கினி மூலை," என்று முடித்துவிட்டார்.

யாருக்குச் சாப்பாட்டறை வரைந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. யார் எங்கே உட்காருவார்கள்? சுகந்தியிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"ஒருத்தரும் இருக்கிறேல்லை," என்றாள்.

நேசன் அண்ணா விடியும் முன்னே வேலைக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வரும்போது இவள் புறப்பட்டிருப்பாள். இவள் வரும்போது அவர் உறங்கியிருப்பார். மகள் மைதிலி ஒடென்சே நகரில் ஆய்வுக்கூட வேலைக்குப் போனதிலிருந்து, விடுமுறை நாளில்கூட ஆளுக்கொரு அறை.

"இந்த வீட்டில எல்லா அறையும் ஒரே சூடு, கல்பு. ஒருத்தருக்கும் ஒருத்தர் பக்கத்தில வரத் தேவை இல்லை. ஒரு இடம் மட்டும் சூடா இருந்தால் மனுசர் அங்கதானே வருவினம்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அடுப்பு வந்தாப்பிறகு மற்ற அறையளின்ர ரேடியேட்டரை நான் மெல்ல மெல்லக் குறைக்கப்போறன். அவருக்குச் சொல்லிப்போடாதை."

இருபத்தைந்து வருடமாக வெயிலை வீட்டுக்குள் விடாமல் இருப்பது எப்படி என்று யோசித்தே சம்பாதித்தவள் நான். சூட்டைப் பொறியாக வைத்துப் புருஷனைப் பிடிக்க ஒரு அறை வரைந்து கொடு என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. அன்று மாலையே வரைய உட்கார்ந்துவிட்டேன்.

அடுப்பு ஏற்கனவே இருந்தது. தள்ளுபடியில் வாங்கி, மரப்பெட்டியோடு கார் கொட்டகையில் வைத்திருந்தார் நேசன் அண்ணா. கறுப்பு இரும்பு, முன்னால் கண்ணாடிக் கதவு, அழகான சாதனம். அதற்குப் பின்னால் சுவருக்கு மெல்லிய கான்கிரீட் பலகைகள் வரைந்தேன். அடியில், சுவரின் முழு நீளத்துக்கும் முழங்கால் உயரத்தில் ஒரே கான்கிரீட் மேடை. ஒரு முனையில் அடுப்பு உட்காரும், மேடைக்குக் கீழே விறகு அடுக்கலாம். மேசையை இப்படித் திருப்பிப் போட்டால் எல்லா நாற்காலியிலிருந்தும் நெருப்பு தெரியும். மேசைக்கு மேல் ஒரு தொங்கு விளக்கு. அந்த மேசைதான் என் திட்டத்தின் உயிர். வரைந்து முடித்து நானே ரசித்துக்கொண்டேன்.

ஊரில் என்றால் நம் மேஸ்திரி சட்டம் அடித்து, கம்பி கட்டி, அங்கேயே கான்கிரீட் போட்டுவிடுவார். இங்கே கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். மார்ச் மாதம் வருகிறேன் என்றார்.

"எந்த வருஷம்னு கேளுங்க," என்றேன். வேடிக்கைக்காகத்தான் சொன்னேன். நேசன் அண்ணா கேட்டே விட்டார்.

ஆகவே வார்த்த கான்கிரீட்டை விலைக்கு வாங்குவது என்று முடிவானது. இருவரும் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், ஊரின் மறுகோடியில் இருந்த கட்டுமானப் பொருள் கடையில் மாதிரிகள் பார்க்க நான் தனியாகக் கிளம்பினேன். நிறுத்தத்தில் நின்றேன். பேருந்து வந்தது. ஓட்டுநர் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். போய்விட்டார். கை காட்டினால்தான் நிற்குமாம். காந்திபுரத்தில் சும்மா தெருவைக் கடக்கிறவளைக்கூட "ஏறும்மா, ஏறு, உள்ள போ" என்று கண்டக்டர் இழுத்துப் போட்டுக்கொள்வார். அடுத்த பேருந்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அது வந்தபோது இரண்டு கைகளையும் ஆட்டினேன். பிரேக் போட்டு நின்று, ஓட்டுநர் இறங்கி வந்து, "உதவி வேண்டுமா, உடம்பு சரியில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சனிக்கிழமை கான்கிரீட் எடுக்கப் போனோம். நேசன் அண்ணா காருக்குப் பின்னால் தன் டிரெய்லரைப் பூட்டினார். "டென்மார்க்கில பாஸ்போட் இல்லாமலும் சீவிக்கலாம் தங்கச்சி. ட்றெய்லர் இல்லாமல் சீவிக்கேலாது."

பழைய மாட்டுக்கொட்டகை ஒன்றைப் பட்டறையாக மாற்றி அதில் ஒருவர் கான்கிரீட் மேடைகளும் படிகளும் வார்த்துக்கொண்டிருந்தார். மரச்செருப்பு போட்ட பெரிய மனிதர். காபி கொடுத்தார், கூடவே கறுப்பாக ஒரு மிட்டாய். வாயில் போட்டேன். கல்லுப்பில் ஊறவைத்த சைக்கிள் டியூப் மாதிரி இருந்தது. துப்ப இடமில்லை. "நல்லா இருக்கு" என்று தலையாட்டினேன். அவர் மகிழ்ந்துபோய் ஒரு கைப்பிடி எடுத்து என் கோட்டுப் பையில் போட்டார்.

மேடையைத் தேர்ந்தெடுத்தோம். சாம்பல் நிறம், ஓரம் மழுங்கலாக, பட்டுப்போல. அதை டிரெய்லரில் ஏற்றிய பிறகு அந்த மனிதர் டயர்களைக் குனிந்து பார்த்து, நெற்றியைச் சுருக்கி, நிறையப் பேசினார்.

"என்ன சொல்றார்?" என்றேன்.

"நல்ல ட்றெய்லராம்," என்றார் நேசன் அண்ணா.

பின்பாரம் தாங்காமல் காரின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. முகப்பு விளக்குகள் சாலையை விட்டுவிட்டு மரக்கிளைகளில் ஆந்தை தேடின. எதிரே வந்த வண்டிகளெல்லாம் கோபமாக விளக்கை மின்னின. நேசன் அண்ணா ஒவ்வொருவருக்கும் கை தூக்கினார். "கிரின்ஸ்டெட்டில என்னைத் தெரியாத ஆக்கள் இல்லை."

வீட்டுத் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் டிரெய்லர் டயர் வெடித்தது. இறங்கிப் பார்த்தோம். அசைக்க முடியாது. கோவையில் "தூக்குங்க" என்றால் எட்டுப் பேர் வந்து நிற்பார்கள், ஒன்பதாவதாக ஒருவர் யோசனை சொல்லவும் வருவார். இங்கே தூக்குங்க என்று சொல்கிறவரேதான் தூக்க வேண்டும். நாங்கள் இருவரும் அந்தக் கான்கிரீட்டைப் பார்த்துக்கொண்டு மழையில் நின்றோம்.

பக்கத்துப் பண்ணைக்காரர் ஹென்னிங் டிராக்டரில் வந்தார். அறுபதைத் தாண்டியவர், வார்த்தைகளை எண்ணிச் செலவு செய்கிறவர். டிரெய்லரில் நீளமாகப் படுத்திருந்த சாம்பல் நிறக் கல்லைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெல்லிய குரலில் ஏதோ கேட்டார்.

"வடிவா இருக்காம்," என்றார் நேசன் அண்ணா.

"தொப்பியை ஏண்ணா கழட்டினார்?"

"மரியாதை தெரிஞ்ச மனுசன்."

டிராக்டரின் முன்கரம் அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் தோட்டத்துக் கதவருகே வைத்தது. அங்கிருந்து உள்ளே கொண்டுபோக இரும்புக் குழாய்களை அடியில் போட்டு உருட்டினோம். ஹென்னிங் தள்ள, நேசன் அண்ணா இழுக்க, பின்னால் வெளிவரும் குழாய்களை எடுத்து முன்னால் போடும் வேலை எனக்கும் சுகந்திக்கும். தேர் உள்ளே வந்து சேர்ந்தபோது எல்லோருக்கும் வியர்த்திருந்தது. டென்மார்க்கில் நான் வியர்த்தது அன்று ஒரு நாள்தான்.

அடுத்த வாரம் முழுவதும் பூச்சும் பொருத்தலும். அடுப்பு ஏறியது, குழாய் புகைபோக்கிக்குள் போனது. மேசையைக் காலி செய்து எண்ணெய் பூசித் துடைத்தோம். அரிசி மூட்டை நாடு கடத்தப்பட்டது.

நெருப்பு மூட்டும் முன் புகைபோக்கி பரிசோதகர் வந்து பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டுமாம். தலை முதல் கால் வரை கறுப்பு உடையில் ஓர் இளம்பெண் வந்தாள். தூரிகையைக் குழாய்க்குள் விட்டாள், இடைவெளிகளை அளந்தாள், என் கான்கிரீட்டைத் தட்டிப் பார்த்துப் புன்னகைத்தாள். சுகந்தி கொடுத்த மட்டன் ரோல்ஸை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, சமையலறைப் பக்கம் கையைக் காட்டி நேசன் அண்ணாவிடம் நீண்ட நேரம் விளக்கினாள். ஜன்னலைத் திறப்பது போலவும் மூடுவது போலவும் அபிநயம்கூடப் பிடித்தாள். அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார்.

அவள் போனதும் கேட்டேன். "என்னண்ணா சொன்னாங்க?"

"எல்லாம் சரியாம்."

"அவ்வளவு நேரம் பேசினாங்களே?"

"டேனிஷ் நீட்டுப் பாசை, தங்கச்சி."

முதல் நெருப்புக்கு அடுத்த சனிக்கிழமை மாலை குறிக்கப்பட்டது. சுகந்தி விடுப்பு எடுத்தாள். ஒடென்சேயிலிருந்து மைதிலியும் வந்தாள். வாசலில் நுழைந்ததுமே "மோர்!" என்று கத்தினாள். பாவம், பயணக் களைப்பு என்று நான் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்து, "மோர் இல்லைம்மா, தயிர்தான் இருக்கு, கலக்கித் தரட்டுமா?" என்றேன். டேனிஷில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவள் மரியாதையாக, "பரவாயில்லை அன்ரி, அம்மாவே காணும்," என்றாள். இந்தத் தடவை எனக்குப் புரிந்தது.

மேசையில் வெள்ளை விரிப்பு, மெழுகுவத்திகள், நான்கு பேருக்கும் தட்டு. நேசன் அண்ணா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பெரிய விறகுகளைக் கீழே அடுக்கி, சுள்ளிகளை மேலே வைத்து, உச்சியில் தீ வைத்தார். அடுப்பைக் கீழிருந்து பற்றவைத்துத்தான் பார்த்திருக்கிறேன். இது மெழுகுவத்தி மாதிரி மேலிருந்து கீழே எரிந்து இறங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் தீ மெல்ல எழுந்தது. பின்சுவரின் கான்கிரீட்டில் வெளிச்சம் தண்ணீர் மாதிரி அசைந்தது. என் வாழ்க்கையில் நான் வரைந்த நெருப்பிடத்தில் நெருப்பைப் பார்ப்பது அதுவே முதல்முறை. எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் அடைத்தது.

சமையலறையில் சுகந்தி மீன் பொரிக்க ஆரம்பித்திருந்தாள். நேசன் அண்ணா இன்னொரு விறகு வைக்க அடுப்புக் கதவைத் திறந்தார். புகை மேலே போகாமல் நேராக அவர் சட்டைக்குள் வந்தது. கதவை மூடினார். மூடிய கதவின் விளிம்புகளிலிருந்தும் வந்தது. கூரையிலிருந்த எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது.

"விறகு ஈரம்!" என்று கத்தினார் நேசன் அண்ணா.

"உங்கட விறகு இல்லையப்பா, உங்கட சிம்னி!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் சுகந்தி.

மைதிலி இருமிக்கொண்டே தோட்டத்துக் கதவைத் திறந்தாள். அவ்வளவுதான், புகை சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி திரும்பி அடுப்புக்குள் போய்விட்டது. நெருப்பு பிரகாசமாக எரிந்தது. குளிர் தாங்காமல் கதவை மூடினாள். புகை வெளியே வந்தது. திறந்தாள், உள்ளே போனது. மூன்றாவது தடவை மூடாமல் நின்று, தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, பரிசோதிக்க வந்தவ குசினி மெசினைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையா?"

நேசன் அண்ணா கூரையைப் பார்த்தார். "சொன்னவதான்."

"என்ன சொன்னவ?"

"அது நல்லா இழுக்குமோ எண்டு கேட்டவ. நல்லா இழுக்கும் எண்டு சொன்னன்."

எனக்குச் சட்டென்று விளங்கியது. சுகந்தியின் சமையல் அடுப்புக்கு மேல் இருந்தது புகையையும் மணத்தையும் உறிஞ்சும் ராட்சத இயந்திரம். அது வீட்டுக் காற்றை முழுவதும் உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கதவும் ஜன்னலும் இறுக்கமான வீடு. உள்ளே காற்று வர ஒரே வழி விறகடுப்பின் குழாய்தான். காற்று அந்த வழியாகக் கீழே வந்தது, புகையையும் கையோடு கூட்டிக்கொண்டு.

"சிம்னியை ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினேன்.

"சிம்னியை எப்படித் தங்கச்சி ஓஃப் பண்ணுறது?" என்று நேசன் அண்ணா செங்கல் தூணைத் தடவிப் பார்த்தார். அந்த இயந்திரத்துக்கு கோவையில் சிம்னி என்றுதான் பெயர் என்பதை விளக்க அது நேரமில்லை. மைதிலி சமையலறைக்கு ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினாள். சத்தம் நின்றது. அலறலும் சற்று நேரத்தில் நின்றது.

சுகந்தி கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"அதை நிப்பாட்டினால் நான் பொரிக்கமாட்டன்," என்றாள். குரலில் வேடிக்கை இல்லை.

"ஒரு நாளைக்குத்தானே அம்மா," என்றாள் மைதிலி.

"ஒரு நாள் மணம் கோட்டில ஒரு கிழமை நிக்கும். உனக்குத் தெரியாது. நான் வந்த புதுசில பஸ்ஸில எனக்குப் பக்கத்தில இருந்த மனுசி எழும்பிப் போய் வேற சீற்றில இருந்தவ. ஒண்டும் சொல்லேல்லை. சிரிச்சுக்கொண்டுதான் போனவ. வேலையில ஒரு பிள்ளை, நல்ல பிள்ளை, கோட்டுக்குப் போடுற ஸ்பிறே எனக்குப் பரிசாத் தந்தது. அண்டைக்கு வாங்கின மெசின் இது. அண்டையில இருந்து கோட்டெல்லாம் உறையுக்குள்ள."

அலமாரியும் ஜிப்பும் எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. உள்ளே எண்ணெய் சடசடத்துக்கொண்டிருந்தது.

"இதை நீ எனக்குச் சொல்லேல்லையே," என்றார் நேசன் அண்ணா.

"எப்ப சொல்லுறது? நான் வரேக்க நீங்கள் நித்திரை. நீங்கள் போகேக்க நான் நித்திரை."

அவர் வாசல் பக்கம் போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. உறை போட்ட கோட்டுகளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வெளியே நடந்தார். திரும்பி வந்து கழுத்துத்துண்டுகள், தொப்பிகள், என் இரண்டாவது ஸ்வெட்டர், மைதிலியின் பை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார். கார் கதவு சாத்தப்பட்டது.

திரும்பி வந்தவர் கையைத் தட்டினார். "எல்லாம் காருக்குள்ள. கார் றோட்டில. இனி எந்த மணமும் உன்ர கோட்டுக்குக் கிட்டப் போகேலாது. இப்ப பொரி. இல்லையெண்டா கரண்டியைத் தா, நான் பொரிக்கிறன்."

சுகந்தி அவரைப் பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று முகம் முடிவெடுக்கவில்லை. "நீங்கள் பொரிச்சால் மீன் கருகிப்போம்," என்று சொல்லி உள்ளே போனாள்.

இயந்திரத்தை நிறுத்தி, சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்து மீன் பொரிந்தது. புகை சமர்த்தாக மேலே போயிற்று. வீடு முழுக்க மஞ்சளும் மிளகாயும் மணத்தது. குளிரும் அதே ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மற்ற அறைகளின் ரேடியேட்டர்களை சுகந்தி ஏற்கனவே குறைத்திருந்தாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும். கோட்டுகளோ காரில்.

நான் வரைந்த மேசையில் நாங்கள் உட்கார்ந்திருந்தது இரண்டு கவளம் நேரம் இருக்கும். முதலில் மைதிலி தட்டோடு எழுந்துபோய்க் கான்கிரீட் மேடையில் உட்கார்ந்தாள். "இஞ்ச கல்லும் சூடா இருக்கு," என்றாள். பிறகு நேசன் அண்ணா போனார். பிறகு நான். கடைசியாகச் சுகந்தி வந்து, "தள்ளி இருங்கோவன்," என்று அவருக்கும் மைதிலிக்கும் நடுவில் இடம் பிடித்தாள். விறகு வைப்பதற்கென்று வரைந்த மேடையில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எதிரே வெள்ளை விரிப்பில் மெழுகுவத்திகள் யாருக்கோ எரிந்துகொண்டிருந்தன.

அலறல் கேட்டுக் கிளம்பிய ஹென்னிங், தீயணைப்புக் கருவியைத் தேடி எடுத்துக்கொண்டு அப்போதுதான் தோட்டத்துக் கதவில் வந்து நின்றார். எங்களைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், ஏதோ சொன்னார். மைதிலிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அன்ரி, அண்டைக்கே அவர் செத்தது ஆர் எண்டுதான் கேட்டவராம். கல்லறைக்கல் எண்டு நினைச்சவராம். இப்ப அதுக்கு மேல இருந்து சாப்பிடுறியளே எண்டு கேக்கிறார்."

நான் நேசன் அண்ணாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மீன் முள்ளில் மிகுந்த கவனமாக இருந்தார்.

ஹென்னிங்குக்கும் ஒரு தட்டு கொடுக்கப்பட்டது. முதல் துண்டிலேயே முகம் செங்கல் நிறமானது, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. இரண்டாவது துண்டைக் கேட்டு வாங்கினார். வெளிக்காற்றை நேராக அடுப்புக்குக் கொண்டுவர ஒரு குழாய் போட வேண்டும் என்று அங்கேயே பேச்சாகி, மறுநாளே நேசன் அண்ணாவும் ஹென்னிங்கும் சுவரைத் துளைத்தார்கள். இயந்திரமும் நெருப்பும் அதற்குப் பிறகு சண்டை போடவில்லை. துளைக்கும்போது நகர்த்திய மேசையை மீண்டும் என் திட்டப்படி திருப்பி வைத்துவிட்டு, எல்லோரையும் அங்கே உட்காரச் சொல்லி இரண்டு நாள் போராடினேன். ஒருவரும் மேடையை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் தையல் மெஷின் மேசைக்குத் திரும்பி வந்தது. நான் தோல்வியை ஒப்புக்கொண்டு, மேடைக்கு மெத்தை அளவெடுத்துக் கொடுத்தேன்.

புறப்படுவதற்கு முந்திய காலை, விடிய நிறைய நேரம் இருந்தது. தண்ணீர் குடிக்க மாடியிலிருந்து இறங்கினேன். சாப்பாட்டறையில் வெளிச்சம் தெரிந்தது. பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

தொழிற்சாலை உடுப்போடு நேசன் அண்ணா அடுப்பு முன் குந்தியிருந்தார். அந்த நேரத்தில் உறங்க வேண்டிய சுகந்தி போர்வையைச் சுற்றிக்கொண்டு மேடையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் தன் பல்செட்டைப் பக்கத்து அறைக்காரியின் பூச்சாடிக்குள் ஒளித்து வைத்ததையும், அதைத் தேடி அவர்கள் பட்ட பாட்டையும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் விறகைக் கையில் வைத்தபடி, அடுப்புக்குள் போட மறந்து, "பிறகு? பிறகு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் தண்ணீர் குடிக்காமலே மேலே போய்ப் படுத்துக்கொண்டேன். கார் கிளம்பும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

பிறகு காலைச் சாப்பாட்டின்போது சுகந்தி சொன்னாள். "இண்டைக்கு அவர் வேலைக்குப் பிந்திப் போனவர், கல்பு. இத்தனை வருசத்தில இதுதான் முதல் தரம்."

மகள் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்த செய்தியைச் சொல்லும் தாய் மாதிரி இருந்தது அவள் முகம்.